வெள்ளி எடுத்த மலை ஊரு பனிச்சறுக்கு ஊரா மாறுனது எப்படி? எங்க அப்பா கேக்குறாரு

பாலத்தடி பாம்பன்:

வணக்கம் மக்களே. கேள்வி நம்ம ஊருக்கு சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கிட்டு கடைசி வரைக்கும் படிங்க.

எங்க சித்தப்பா மகன் அமெரிக்கால சால்ட் லேக் சிட்டில படிக்கிறான். பக்கத்துல பார்க் சிட்டின்னு ஒரு மலை ஊரு இருக்காம், கூட்டாளிகளோட பனில சறுக்கப் போயிட்டு குடும்ப குரூப்ல போட்டோவா அள்ளிக் கொட்டிட்டான். பாதி போட்டோ அவன் விழுந்து கெடக்குறது தான். ஆனா ஒரு போட்டோ எங்க அப்பாவ புடிச்சுக்கிச்சு. சுத்தி வெள்ளை வெளேர்னு பனி, நடுவுல தகரமும் மரமுமா பழைய கட்டடம் ஒண்ணு பாழடைஞ்சு நிக்குது, பாத்த உடனே நம்ம தனுஷ்கோடி ஞாபகம் தான் வரும், அதை ஒட்டியே கலர் கலரா சட்டை போட்டுக்கிட்டு ஆளுங்க சறுக்கிட்டுப் போறாங்க. என்னடா அதுன்னு கேட்டா, அது வெள்ளி எடுத்த சுரங்கம்ணே, இந்த மலைக்குள்ள மட்டும் ஆயிரம் மைலுக்கு மேல பொந்து இருக்காம், மேல நாங்க சறுக்குறோம்ங்குறான்.

அப்பாவுக்கு 70 வயசு, கடலுக்குப் போறத நிறுத்திட்டாரு, ஆனாலும் விடிகாலைல கரைக்குப் போயி யாருக்கு எவ்வளவு மீன் பாடுன்னு பாக்காம காப்பி இறங்காது. 64 புயல் அப்ப அவருக்கு ஒன்பது வயசு. அவரு கேட்ட கேள்வி இது தான்: "வெள்ளி தீந்துச்சுன்னா ஊரு செத்துருக்கணும்ல. அது எப்படிடா பிழைச்சுச்சு? தனுஷ்கோடி பிழைக்கலையே?" தம்பிக்கு பதில் தெரியல. எனக்கும் தெரியல.

உண்மையச் சொல்லிடுறேன், இது சும்மா பொழுதுபோக்குக் கேள்வி இல்ல. தங்கச்சிமடம் பக்கம் எங்களுக்கு 40 சென்ட் இருக்கு, கொஞ்சம் மல்லிகை நாத்து, மிச்சம் பனையும் தென்னையும். புதுப் பாம்பன் பாலம் திறந்ததுல இருந்து வாரத்துக்கு ஒரு புரோக்கர் வந்து திண்ணைல உக்காருறாரு, "அய்யா ஊரே மாறப் போகுது, ரிசார்ட்டுக்குக் கேக்குறாங்க, இப்பவே குடுத்துருங்க"ன்னு. அப்பா பதிலே சொல்றதில்ல. ஊரு மாறுறதுன்னா என்ன, மாறுன ஊர்ல பழைய ஆளு எங்க போனான்னு யாராவது வெவரமா சொன்னா அவருக்குப் படிச்சுக் காட்டுவேன்.

பரமக்குடி பாறை:

தம்பி, நான் ஜியாலஜி படிச்சவன், வேலைக்கும் அதுக்கும் இப்ப சம்பந்தமில்ல, ஆனா சுரங்கம்னா விடமாட்டேன். மொதல்ல அப்பாகிட்ட ஒரு திருத்தம் சொல்லிருங்க. வெள்ளி தீரல. இன்னைக்கும் அந்த மலைக்குள்ள கெடக்கு. எடுக்குற செலவுக்கு விக்கிற விலை கட்டல, அவ்வளவு தான். மீன் இருக்கு, டீசலுக்குக் கட்டலன்னு படகக் கட்டிப் போடுறோம்ல, அதே கணக்கு.

1868ல அங்க முகாம் போட்டிருந்த பட்டாளத்துக்காரங்க தான் மொதல்ல வெள்ளிப் பாறையக் கண்டாங்க. 1872ல ஒன்டாரியோன்னு ஒரு சுரங்கம், ஜார்ஜ் ஹர்ஸ்ட்னு ஒருத்தர் 27,000 டாலருக்கு வாங்கிப் போட்டாரு, பின்னாடி பத்திரிகை நடத்திப் பெரிய ஆளான ஹர்ஸ்டோட அப்பா இவரு. அந்த ஒரு சுரங்கம் மொத்தத்துல அஞ்சு கோடி டாலர் வரைக்கும் குடுத்துச்சு. வெள்ளி அங்க தனியா கெடைக்காது, ஈயம், துத்தநாகத்தோட கலந்து இருக்கும். இது முக்கியம், வெள்ளி விலை விழுந்தப்ப பல ஊரு மூடிருச்சு, இவங்க ஈயத்தையும் துத்தநாகத்தையும் வெச்சு இழுத்துப் புடிச்சு நின்னாங்க.

கஷ்டம் இல்லாம இல்ல. 1898 ஜூன்ல தீப் புடிச்சு ஊர்ல 200 கட்டடம் வரைக்கும் சாம்பல். 1902ல டேலி வெஸ்ட் சுரங்கத்துல வெடிமருந்து வெடிச்சு 34 பேரு செத்தாங்க, நெறைய பேரு வெடிச்சதுல இல்ல, உள்ள பரவுன விஷக் காத்துல. இதெல்லாத்தையும் விட தினசரித் தொல்லை தண்ணி. தோண்டத் தோண்ட ஊத்து, பெரிய பெரிய பம்பு வெச்சு இறைச்சுப் பாத்தாங்க, கட்டாம கடைசில மலையோட அடிவாரத்துல இருந்தே தண்ணி வெளிய ஓடுறதுக்குன்னு மைல் கணக்குல சுரங்கக் கால்வாய் வெட்டுனாங்க. ஒரு வேடிக்கை என்னன்னா அன்னைக்கு சனியன்னு வெளிய தள்ளுன அந்தத் தண்ணி தான் இன்னைக்கு ஊரோட குடிதண்ணில ஒரு பங்கு. ஸ்பைரோ, ஜட்ஜ்னு ரெண்டு சுரங்கக் கால்வாய்ல இருந்து எடுத்து, அதுல இருக்கிற ஆர்செனிக், ஆன்டிமனியெல்லாம் பிரிச்சு குழாய்ல விடுறாங்க. குடம் தூக்கி நல்ல தண்ணிக்கு அலையுற நம்ம ஜில்லாக்காரனுக்கு இதக் கேட்டா வயிறு எரியும்.

1950கள்ல ஊரு பாதி காலி. வீட்டப் பூட்டிட்டுப் போயிட்டாங்க, வாங்க ஆள் இல்ல. 1953ல மிச்சம் இருந்த பெரிய சுரங்கக் கம்பெனிங்க ஒண்ணா சேந்து யுனைடெட் பார்க் சிட்டி மைன்ஸ்னு ஆச்சு. இந்தக் கம்பெனி பேர ஞாபகம் வெச்சுக்கங்க. வெள்ளில காசு வரலன்னதும் அவங்க பாத்தது மேல கெடக்குற பனிய. கென்னடி காலத்துல நொடிச்சுப் போன ஊருகளுக்கு கடன் குடுக்குற திட்டம் ஒண்ணு இருந்துச்சு, அதுல ஏறக்குறைய பன்னெண்டரை லட்சம் டாலர் வாங்கி, 1963 டிசம்பர் 21 அன்னைக்கு ட்ரெஷர் மவுன்டன்ஸ்ங்குற பேர்ல பனிச்சறுக்கு மைதானம் திறந்தாங்க. பழனி ரோப் கார் மாதிரி ஒண்ணு, ஆனா ரெண்டரை மைல் நீளம்.

இப்ப எனக்குப் புடிச்ச பகுதிக்கு வர்றேன். சறுக்க வர்றவன மலை மேல ஏத்தணும்ல? ஏற்கெனவே சுரங்கம் இருக்கு, சுரங்க ரயில் இருக்கு, அப்புறம் எதுக்குப் புது செலவுன்னு 1965ல அந்த ரயில்லயே டூரிஸ்ட ஏத்திட்டாங்க! ஸ்பைரோ சுரங்கம் வழியா இருட்டுக்குள்ள மூணு மைல் கிட்ட மலைக்குள்ள போவணும், அங்க இருந்து தேய்ன்ஸ்னு ஒரு செங்குத்துக் குழி, தொழிலாளிய இறக்கி ஏத்துன அதே தூக்குல 1,750 அடி மேல. வெளிய வந்தா பனி மலை. கேக்க எவ்வளவு ஜோரா இருக்கு. ஆனா ரயிலு நத்தை, மேல இருந்து சொட்டு சொட்டா தண்ணி விழுந்து சட்டை நனைஞ்சுரும், நனைஞ்ச சட்டையோட மேல போயி வெளிய வந்தா அது அப்படியே உறைஞ்சு விறைச்சுக்கும். 1969ல மூடிட்டாங்க. ஒரு தடவை வந்தவன் ரெண்டாந்தடவை ஏறல போல.

1981ல பக்கத்துலயே டீர் வேலின்னு பணக்காரங்களுக்கான இன்னொரு ரிசார்ட், 1982ல கடைசி சுரங்கமும் நின்னுச்சு. கவனிங்க, 63ல இருந்து 82 வரைக்கும் இருபது வருஷம் கீழ சுரங்கமும் மேல சறுக்கும் ஒரே மலைல ஓடியிருக்கு. அதனால ஒரே ராத்திரில மாறுச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2002 குளிர்கால ஒலிம்பிக்ஸ் வந்தப்ப தான் உலகத்துக்கே பேரு தெரிஞ்சுச்சு.

மண்டபம் மைனா:

சுரங்க ரயில்ல டூரிஸ்ட் ஏத்துனானுங்களா 😂 நம்ம பழைய பாம்பன் பாலத்த என்ன பண்றதுன்னு யோசிக்கிறவங்களுக்கு யாராச்சும் இத ஃபார்வர்ட் பண்ணுங்கப்பா

கீழக்கரை காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். பரமக்குடி தம்பி நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா வெள்ளி விலை விழுந்துச்சுன்னு ஒரு வரில தாண்டிட்டீங்களே, அதுல தானே நம்ம ஆளுங்க கதை இருக்கு. எங்க குடும்பம் மூணு தலைமுறையா கல்லு, முத்து யாவாரம், வெள்ளி கை மாத்துனதும் உண்டு, அதனால இதக் கொஞ்சம் தேடிப் படிச்சிருக்கேன்.

அமெரிக்க வெள்ளி ஊரெல்லாம் படுத்தது 1893ல. அதத் தள்ளி விட்ட கைகள்ல ஒண்ணு நம்ம பம்பாய், கல்கத்தா தங்கசாலை. நெசமாத்தான் சொல்றேன். அந்தக் காலத்துல ரூபாய்ன்னா காகிதம் இல்ல, ஒரு தோலா எடை வெள்ளிக் காசு. யார் வேணாலும் வெள்ளிக் கட்டிய தங்கசாலைக்குக் கொண்டு போயி குடுத்தா ரூபாயா அடிச்சுத் தருவாங்க. (மெட்ராஸ் தங்கசாலைய 1869லயே மூடிட்டாங்க, தெருப் பேரு மட்டும் தான் மிச்சம்.) அதனால உலகத்துல எந்த மூலைல வெள்ளி தோண்டுனாலும் அத விழுங்குறதுக்கு இந்தியான்னு ஒரு வயிறு இருந்துச்சு.

1870கள்ல ஜெர்மனில இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு நாடா தங்கத்துக்கு மாறிட்டாங்க, அங்கிட்டு அமெரிக்கால புதுசு புதுசா சுரங்கம் வேற, வெள்ளி விலை சரிஞ்சுக்கிட்டே வந்துச்சு, கூடவே நம்ம ரூபாயும். ரெண்டு ஷில்லிங்குக்குப் போன ரூபாய் ஒண்ணே கால் ஷில்லிங் கிட்ட வந்துருச்சு. வெள்ளைக்கார சர்க்காரு லண்டனுக்குக் கட்ட வேண்டிய பென்ஷன், ரயில்வே கடன் வட்டி எல்லாம் பவுன்ல, இங்க வரி வாங்குறது ரூபாய்ல. கட்டுமா? 1893 ஜூன் 26 அன்னைக்கு, இனிமே யார் வெள்ளி கொண்டு வந்தாலும் காசு அடிச்சுத் தரமாட்டோம்னு தங்கசாலைக் கதவ மூடிட்டாங்க. அமெரிக்கால ஒரு அவுன்ஸ் 83 சென்ட்டுக்கு வித்த வெள்ளி நாலஞ்சு நாள்ல 62. கொலராடோ மாநிலத்துல சுரங்கம் சுரங்கமா பூட்டு. அதே வருஷம் நவம்பர்ல, மாசத்துக்கு 45 லட்சம் அவுன்ஸ் வெள்ளிய சர்க்காரே வாங்கணும்னு இருந்த ஷெர்மன் சட்டத்தையும் அமெரிக்கா ரத்து பண்ணிருச்சு, அதோட சோலி முடிஞ்சுச்சு. அந்த வருஷம் அங்க பேங்குகளும் வரிசையா மூடுச்சு, அதனால எல்லாப் பழியையும் நம்ம தலைல போட்டுக்க வேணாம்.

எங்க உம்மம்மா வெச்சிருந்த விக்டோரியா ராணி தலை போட்ட ரூபாய் ஒண்ணு இன்னும் பெட்டில இருக்கு. அதுல இருக்குற வெள்ளி எந்த மலைல வெட்டுனதோ, யாரு கண்டா.

தம்பி உங்க அப்பாவுக்கு நான் சொல்றது ஒண்ணு தான். அந்த மலைக்காரன் என்ன தப்பு பண்ணான்? ஒண்ணும் இல்ல. அவன் பேரே கேள்விப்படாத ஊர்ல ஒரு கதவு மூடுச்சு. நம்ம இறால் விலையும் அப்படித்தானே, ஜப்பான்காரன் வாங்குனா ஏறுது, இல்லன்னா கம்பெனிக்காரன் எடைல கழிக்கிறான்.

பாலத்தடி பாம்பன்:

காக்கா, இத அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுனேன், ரெண்டு தடவை படிக்கச் சொன்னாரு. "அப்ப நம்ம ரூபாயாலயா அவன் ஊரு போச்சு"ன்னு சிரிச்சாரு. பரமக்குடி அண்ணே, அந்தக் கம்பெனி பேர ஞாபகம் வெச்சுக்கன்னு சொன்னீங்களே, அப்புறம் அதச் சொல்லவே இல்லையே? அப்பா விட மாட்டேங்குறாரு, நிலம் யாரு பேர்ல இருந்துச்சுன்னு கேளுங்குறாரு.

பரமக்குடி பாறை:

அப்பா சரியான இடத்துல தான் கை வைக்கிறாரு. அமெரிக்கால 1872ல ஒரு சுரங்கச் சட்டம், சர்க்கார் நிலத்துல தாது கண்டுபுடிச்சு வேலை செஞ்சு காட்டுனா அந்த நிலத்துக்கே பட்டா வாங்கிக்கலாம்னு அன்னைக்கு இருந்துச்சு, ஏக்கருக்கு அஞ்சு டாலர் கிட்ட தான். அப்படி வாங்கி வாங்கி மலையே சுரங்கக் கம்பெனி சொத்தா ஆயிருச்சு. அந்தப் பக்கத்துல நெறைய சறுக்கு மைதானம் சர்க்கார் காட்டுல லைசென்ஸ் வாங்கி நடத்துறது, பார்க் சிட்டி தனியார் நிலமா இருக்க காரணம் இது தான்.

1970கள்ல அந்த யுனைடெட் பார்க் சிட்டி மைன்ஸ் கம்பெனி ரிசார்ட் நடத்துறத வேற ஆளுக்கு மாத்தி விட்டுச்சு, ஆனா மலை நிலத்துல முக்காவாசிய விக்கல, குத்தகைக்கு விட்டுச்சு. சொற்ப வாடகை, ரொம்ப வருஷத்துக்கு. 2011ல நடத்திக்கிட்டு இருந்தவங்க குத்தகையப் புதுப்பிக்கிற கடுதாசிய கெடு தாண்டிக் குடுத்துட்டாங்க. ஒண்ணு ரெண்டு நாள் தான் லேட்டு! நிலத்துக்காரன் முடியாதுன்னுட்டான். கோர்ட்டு கேஸுன்னு இழுத்து, 2014ல கோர்ட்டு நிலத்துக்காரன் பக்கம் சொல்லி, கடைசில நடத்துனவங்க அடிவாரத்துல இருந்த சொந்த நிலத்தையும் சேத்து மொத்தத்தையும் வெயில் ரிசார்ட்ஸ்ங்குற பெரிய கம்பெனிக்கு 18 கோடியே 25 லட்சம் டாலருக்குக் குடுத்துட்டு வெளிய போனாங்க. பேரு வெயிலு, விக்கிறது பனி. அடுத்த வருஷம் பக்கத்து மைதானத்தையும் சேத்து 7,300 ஏக்கர், அமெரிக்காலயே ரொம்பப் பெருசுகள்ல ஒண்ணு.

ஆக வெள்ளி போச்சு, ஈயம் போச்சு, தொழிலாளி போயிட்டான். பட்டா போகல.

தொண்டி டூ டென்வர்:

நான் பதினாலு வருஷமா கொலராடோல இருக்கேன், ஐடி தான், வேற என்ன. பார்க் சிட்டி போனதில்ல, இங்க இருக்குற ஆஸ்பென்ங்குற மலை ஊருக்கு நாலு தடவை போயிருக்கேன், அதுவும் இதே ஜாதகம் தான் ஆனா முடிவு வேற. காக்கா சொன்ன 1893 அடி நேரா விழுந்தது அங்க தான். அப்ப அங்க பன்னெண்டாயிரம் பேரு, ரெண்டு ரயில்வே லைன், ஒபரா ஹவுஸ், கரன்ட் லைட்டு எல்லாம் இருந்துச்சு. கொடுமை என்னன்னா விலை விழுந்த மறு வருஷம் 1894ல ஸ்மக்லர் சுரங்கத்துல 800 கிலோவுக்கு மேல ஒரே வெள்ளிக் கட்டி கெடைச்சுச்சு. கல்யாணம் நின்ன மறுநாள் தாலி செஞ்சு வந்த மாதிரி. 1930 கணக்கெடுப்புல மொத்த ஊரே 705 பேரு.

திருப்பம் ரெண்டாம் உலகப் போர்ல. பக்கத்துல கேம்ப் ஹேல்னு ஒரு இடத்துல அமெரிக்கப் பட்டாளத்தோட 10வது மலைப் படைக்குப் பனில சறுக்கிச் சண்டை போடப் பழக்குனாங்க. லீவுக்கு ஆஸ்பென் வந்தவன் மலையப் பாத்து மயங்கிட்டான். அதுல ஃப்ரீட்ல் ஃபைஃபர்னு ஒரு ஆஸ்திரியாக்காரர், போர் முடிஞ்சதும் திரும்பி வந்தாரு. அதே நேரம் சிகாகோல அட்டைப்பெட்டி கம்பெனி வெச்சிருந்த வால்டர் பேப்கேன்னு ஒரு பணக்காரர், அவரும் மனைவியும் 1945ல வந்து பாழடைஞ்ச வீடுகள சல்லிசா வாங்க ஆரம்பிச்சாங்க. 46-47 குளிர்காலத்துல சறுக்குறவங்கள மலை மேல ஏத்துற லிஃப்ட் ஓட ஆரம்பிச்சுச்சு, அப்ப அது தான் உலகத்துலயே நீளம். 1949ல ஜெர்மன் கவிஞர் கெதேவோட 200வது பிறந்த நாள்னு பெரிய விழா எடுத்து, ஆப்பிரிக்கால ஆஸ்பத்திரி நடத்துன டாக்டர் ஆல்பர்ட் ஷ்வைட்சரையே அங்க இருந்து வரவழைச்சாரு. அந்த பேப்கே ஊர்க்காரங்க வீட்டுக்கெல்லாம் இலவசமா பெயின்ட் தர்றேன், ஆனா கலர் நாங்க சொல்றது தான்னாராம், ஊர்க்காரன் முடியாதுன்னுட்டான். எனக்கு அந்த ஊர்ல ரொம்பப் புடிச்ச கதையே அது தான்.

சரி மாறுன ஊர்ல பழைய ஆளு எங்க போனான்னு கேட்டீங்க. ஆஸ்பென்ல இப்ப ஒரு தனி வீடு ஒரு கோடி டாலருக்கு மேல போறது சாதாரணம், அதுலயும் நெறைய வீட்ல வருஷத்துல முக்காவாசி நாள் பூட்டு. சமையக்காரன், லிஃப்ட் ஓட்டுறவன், பெட்ஷீட் மாத்துற அக்கா, டீச்சர், போலீஸ் எல்லாரும் கீழ இருந்து பஸ்ல வர்றாங்க. ரைஃபிள்னு ஒரு ஊரு, நூறு கிலோமீட்டருக்கு மேல, அங்க இருந்து தினம் வர்ற ஆளு இருக்கு. ராமேஸ்வரத்துல ஹோட்டல் வேலைக்கு பரமக்குடி தாண்டி இருந்து வர்றதா நெனச்சுக்கங்க, பனில. காலைல ஆறு மணிக்கு அந்த பஸ்ஸுல ஒரு தடவை ஏறுனேன், எல்லாரும் தூங்குறாங்க, ஸ்பானிஷ்ல பேசுறாங்க, எனக்கு எங்க தொண்டி ஆளுங்க கல்ஃப்ல கம்பெனி பஸ்ஸுல போற வீடியோ ஞாபகம் வந்துருச்சு.

ஆனா ஒண்ணு நல்லா செஞ்சாங்க. 1970கள்ல இருந்தே அந்த கவுன்ட்டில (நம்ம ஜில்லா மாதிரி) உள்ளூர்ல வேலை செய்றவனுக்குன்னு வீடு ஒதுக்குறாங்க, இப்ப 3,000 வீடு கிட்ட. வாங்கலாம், ஆனா விக்கும்போது வருஷத்துக்கு இவ்வளவு தான் ஏத்தலாம்னு பத்திரத்துலயே எழுதிருவாங்க, வெளி ஆளுக்கு விக்கவும் முடியாது. அதனால தான் ஊர்ல கொஞ்சமாச்சும் சாதாரண மனுஷன் இருக்கான். பத்தலன்னு சண்டை நடந்துக்கிட்டே தான் இருக்கு, அது வேற. பார்க் சிட்டில 2024 டிசம்பர் கடைசில, சீசன் உச்சத்துல, பனில அடிபட்டவனத் தூக்குற காவல் ஆளுங்க 200 பேரு கிட்ட ஸ்ட்ரைக் பண்ணாங்க, மணிக்கு 21 டாலர 23 ஆக்குன்னு. ஏறக்குறைய ரெண்டு வாரம் லிஃப்ட்ல நீள நீளமா கியூ. கேட்டது கெடைச்சுச்சு.

உப்புக்காத்து:

எல்லாரும் நல்லா தான் எழுதுறீங்க, ஆனா மொதல் போஸ்ட்லயே எனக்கு ஒரு வருத்தம். தனுஷ்கோடி பிழைக்கலன்னு சொல்றீங்களே, யாரு சொன்னா செத்துச்சுன்னு? எங்க பெரியம்மா வீடு தனுஷ்கோடிக்குப் பக்கத்துல கம்பிப்பாடு. 1914ல இந்தப் பக்கம் பாலம் வந்து, தலைமன்னாருக்கு கப்பல் விட்டு, ஸ்டேஷன், போஸ்டாபீஸ், கஸ்டம்ஸ்னு அம்பது வருஷம் ஓடுன ஊரு. 64 டிசம்பர் 22 ராத்திரி கடல் ஏறி ரயிலோட கொண்டு போச்சு. அதுக்கப்புறம் வாழத் தகுதி இல்லாத இடம்னு சர்க்காரு எழுதிருச்சு. எழுதுனது சர்க்காரு, போயி திரும்ப ஓலை போட்டு உக்காந்து வலை இழுத்தது எங்க ஆளுங்க. பல வருஷம் கரன்ட் இல்லாம, சோலார் லைட்டுல, மண்ண நோண்டி ஊத்துத் தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தாங்க, இன்னைக்கும் அங்க தான் இருக்காங்க. 2017ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வந்துச்சு, இப்ப லீவு நாள்ல கார் நிக்க எடமில்ல. வர்றவன் இடிஞ்ச சர்ச் முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு, "ஆவி ஊரு"ன்னு ரீல்ஸ் போடுறான், அந்த ஃப்ரேம்லயே எங்க பெரியம்மா மீன் பொரிச்சு வித்துக்கிட்டு நிக்குறாங்க. ஆவியா அவங்க?

அந்த மலைல வெள்ளி விலை குறைஞ்சுச்சு, மண்ணு அங்கயே தான இருந்துச்சு. பரமக்குடி அண்ணன் சொன்ன பட்டா அதனால தான் நின்னுச்சு. இங்க மண்ணையே கடல் எடுத்துக்கிச்சு, மிச்சம் இருக்கிறதுல உக்காந்திருக்கவன் கைல பட்டா இல்ல. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

நம்ம பக்கம் சுரங்கம்னு ஒண்ணு சொல்லணும்னா அது பவளப்பாறை. சுண்ணாம்புக்கும் ஃபேக்டரிக்கும்னு வல்லம் வல்லமா வெட்டி எடுத்தாங்க, எங்க தாத்தாவும் அந்தக் கூலிக்குப் போனவரு தான், மறைக்க ஒண்ணும் இல்ல. மன்னார் வளைகுடாவுல இருந்த 21 தீவுல ரெண்டு, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி, தண்ணிக்குள்ள போயிருச்சு, பாறைய வெட்டுனது தான் பெரிய காரணம்னு ஆராய்ச்சிக்காரங்களே சொல்றாங்க. 1986ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க. காப்பாத்த வேண்டியது தான், வேணாங்கல. ஆனா மரிக்கொழுந்து பாசி எடுத்துப் பொழைச்ச பொம்பளைங்க தீவுக்கிட்ட இறங்குனா வெரட்டுறாங்க, டிக்கெட் வாங்குனவன் படகுல குருசடைத் தீவுக்குப் போயி பாத்துட்டு வர்றான். இது தான் எங்க ஊரு பனிச்சறுக்கு.

அந்தத் தொண்டிக்காரர் சொன்ன பஸ்ஸு கதை இருக்கே, அது இங்கயும் ஆரம்பிச்சாச்சு.

பரமக்குடி பாறை:

உப்புக்காத்து சொன்னது சரி, நான் ஒத்துக்கிறேன். அந்த வெட்டு வேலைக்கு ஒரு பின்குறிப்பு: பார்க் சிட்டிலயும் வெள்ளிய அரைச்சு எடுத்துட்டுக் கொட்டுன மண்ணு மேல தான் ஊர்ல ஒரு பகுதியே கட்டியிருக்காங்க, அதுல ஈயம். அதனால அந்தப் பகுதில வீட்டு முத்தத்துல ஆறு அங்குலம் நல்ல மண்ணு போட்டு மூடியிருக்கணும், காய்கறி போடுறவன் தொட்டி கட்டி வேற மண்ணுல தான் போடணும்னு ஊர்லயே சட்டம். பல லட்சம் டாலர் வீடு, முத்தத்துல கத்திரிக்கா போட முடியாது.

பாலத்தடி பாம்பன்:

எல்லாருக்கும் நன்றி. உப்புக்காத்து அக்கா (அண்ணனா இருந்தா மன்னிக்கணும்), நீங்க சொன்னது எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, அப்பாகிட்ட அப்படியே படிச்சுக் காட்டுனேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "அது சரி, நான் தான் தப்பா கேட்டுட்டேன்"னு சொன்னாரு. அவங்க பெரியம்மா பேரு என்ன, மூணாஞ்சத்திரம் பக்கம் இருந்த குடும்பமான்னு கேக்கச் சொன்னாரு, பொதுவுல போட வேணாம், தனியா மெசேஜ் பண்ணுங்க.

நேத்து ஞாயித்துக்கிழமை புரோக்கர் மறுபடி வந்தாரு. வழக்கமா அப்பா பேசவே மாட்டாருல்ல, நேத்து நாற்காலியப் பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. "விக்கிறதுக்கில்ல. சுரங்கக் கம்பெனிக்காரன் மலைய வித்தானா? குத்தகைக்குத் தானே விட்டான். அப்படி எடுத்துக்கிறியா? பத்திரம் ரிஜிஸ்டர் பண்ணணும், கெடு ஒரு நாள் தாண்டுனாலும் நிலம் திரும்ப எனக்கு. மல்லித் தோட்டத்துல கை வைக்கக் கூடாது. வேலைக்கு எங்க தெரு ஆளு, ராத்திரி அவன் வீட்டுக்கு நடந்து போற தூரத்துல இருக்கணும்" அப்படின்னு வரிசையா அடுக்குறாரு. நான் உள்ள இருந்து கேட்டுக்கிட்டு நிக்கிறேன்.

புரோக்கர் ரொம்ப நேரம் முழிச்சாரு. "எந்தக் கம்பெனிங்கய்யா, நம்ம பக்கம் சுரங்கம் எங்க இருக்கு?"ன்னு கேட்டாரு. அப்பா, "அது கெடக்கு, டீய குடி ஆறிறப் போகுது"ன்னுட்டாரு.